அற்புதம் எடுத்த இரண்டாம் வசனம்

ஃபெபி ஸ்பூனை அம்மாவின் உதட்டோரம் வைத்து மெல்லச் சாய்த்தாள். பாதித் தண்ணீர் உள்ளே போயிற்று, மீதி கன்னத்தில் வழிந்து தலையணையை நனைத்தது. துடைப்பதற்குள் அப்பா கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றுவிட்டார்.

"நான் சாவாமல்..." என்று தொடங்கி, நிறுத்தினார்.

'பிழைத்திருந்து' என்று எடுத்து அந்த வேத வசனத்தின் மீதியை அம்மா முடிக்க வேண்டும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சேலத்து டாக்டர் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து இப்படித்தான். மருந்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, தூங்கி விழித்தால் ஒருமுறை. அப்பா அருள்சாமி நாகலூர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அவர் பேர் வாசித்தால் ஆள் குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மனைவியிடமும் அதே பழக்கத்தை வைத்துக்கொண்டார்.

அம்மா அற்புதம் இன்று குரல் கொடுக்கவில்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

"நெனப்புத் தப்பிருச்சாட்டம் இருக்குது. சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிரும்," என்றார் அப்பா. போய், வாசற்படியை அடைத்துப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நினைவாவது, தப்புவதாவது! காலையில் அவர் பால் வாங்கப் போயிருந்தபோது அம்மா தெளிவாகத்தான் பேசினாள். "கண்ணு, அந்த வசனம் எனக்குப் போதும். வேற எடுத்துட்டேன். வேதத்துல, கோயில்ல கொழந்தை ஆண்டவரக் கையில வாங்கிட்டு அந்தப் பெரியவரு சொல்லுவாருல்ல, என்னையச் சமாதானமாப் போக உடறீரேன்னு, அது. அதை உங்கப்பா வாயால கேக்கோணும். நீ அவருகிட்டச் சொல்லு." அத்தோடு கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லும் வேலை ஃபெபி தலையில் விழுந்தது. அப்பாவிடம் அதைச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

பழைய வசனமும் அம்மா எடுத்ததுதான். தம்பி ஷெர்வின் வயிற்றில் இருந்தபோது மஞ்சள் காமாலை முற்றி, தாயும் தேறாது பிள்ளையும் தேறாது என்று எல்லோரும் கைவிட்ட நேரம். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரலை வைத்தாள். விரல் அந்த வசனத்தில் நின்றது. பிழைத்துக்கொண்டாள். அதன்பிறகு அது அவளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. அப்பா அதை வாசல் நிலைக்கு மேலே நீலப் பெயிண்டில் எழுத வைத்தார். நாகலூரில் யாருக்குக் கடும் காய்ச்சல் வந்தாலும் அற்புதத்தைக் கூட்டிப்போய் அதைச் சொல்ல வைத்தார்கள்.

அப்படிப்பட்ட வசனம் இருக்கிற வீட்டில் சாவைப் பற்றிப் பேசலாமா? பேசக் கூடாது. அழக் கூடாது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஷெர்வினிடம் உண்மையைச் சொல்லவும் கூடாது. "பொழைக்கறவளப் பாக்கறதுக்கு அவன் எதுக்கு லீவு போட்டுட்டு ஓடியாரணும்?" என்று அப்பா ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு வனிதா கஞ்சித் தூக்கோடு வந்தாள். அம்மாவோடு காப்பிப் பழம் பறித்தவள். நாற்காலிக்கு மேலாக எட்டிக் கட்டிலைப் பார்த்ததும், "ஐயோ அக்கா!" என்று குரல் உடைந்துபோயிற்று.

"அழறதுன்னா உங்க ஊட்டுல போய் அழு வனிதா. இங்க ஒண்ணும் எழவு விழுகல," என்றார் அப்பா, எழுந்திருக்காமலே.

வனிதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் நின்றாள். ஃபெபிக்கு உச்சியில் சுரீர் என்றது. பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"அப்பா, அம்மாளுக்கு நெனப்பு இருக்குதுங்க. வேணும்னுதான் சொல்லாம இருக்காங்க. அவங்க வேற வசனம் எடுத்துட்டாங்க." எந்த வசனம் என்பதையும் சொல்லிவிட்டாள்.

"சாவறதுக்கு ஒரு வசனமா? ஆரு சொன்னா உனக்கு?"

"அம்மாதானுங்க. நீங்க சொல்லிக் கேக்கோணுமாம்."

"வாய மூடு! விசுவாசம் இல்லாத பேச்சு." நாற்காலி தள்ளாட எழுந்தார். அடித்துவிடுவாரோ என்றிருந்தது. பத்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தாயாகியும் அப்பன் கையைப் பார்த்து இன்னும் நடுங்குகிறாள்! ஆனாலும் ஃபெபி நகரவில்லை.

"நொம்பக் களைச்சுட்டாங்கப்பா. நீங்க கூப்புடக் கூப்புடத் திரும்பித் திரும்பி வர்றாங்க. உட்டுருங்கப்பா."

அப்பா வாயைத் திறந்தார். வந்த குரல் அவருடையதாகவே இல்லை. "நான் அதைச் சொல்லி, அப்பறம் இவ போயிட்டா? நானே அனுப்பி வெச்ச மாதிரி ஆயிராதா, ஃபெபி?"

அட ஆண்டவரே! இத்தனை நாளும் மனுஷன் பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது தெரியாமல் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தோமே என்று ஃபெபிக்கு உறைத்தது.

"ஏனுங்க..."

இருவரும் திரும்பினார்கள். கட்டிலிலிருந்து குரல் காற்றாகத்தான் வந்தது.

"மொதல்லயும் நாந்தானுங்க எடுத்தேன். இதையும் நாந்தான் எடுத்திருக்கறேன். நீங்க ஒண்ணும் அனுப்பலீங்க."

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நான் சாவாமல்..." என்றார். கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறார் என்று ஃபெபிக்குப் புரிந்தது. ரோட்டில் ஏற்காடு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு திரும்பியது. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"ஆண்டவரே," என்றார். நின்றார். மறுபடி, "ஆண்டவரே, உமது அடியாளை இப்பொழுது சமாதானத்தோடே..."

பழக்க தோஷம், அங்கே நிறுத்தினார்.

"போக..." என்றாள் அற்புதம். அதற்கு மேல் மூச்சு எட்டவில்லை. மீதியை அவரே சொல்லி முடித்தார்.

பிறகு ஃபெபி பக்கம் திரும்பி, "தம்பிக்குப் போன் போடு," என்றார்.

ஃபெபி விஷயத்தைச் சொல்லிப் போனை அம்மாவின் காதில் வைத்தாள். "அம்மா... அம்மா..." என்று ஷெர்வின் கூப்பிடுவது அறை முழுக்கக் கேட்டது. அம்மாவின் புருவம் அசைந்தது. விரல்கள் அப்பாவின் மடியில் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தன. மலையில் மஞ்சு மூட்டம் இறங்கத் தொடங்கிய வேளையில் அவள் மூச்சு நின்றது.

ஃபெபி அழுகையை அடக்கிக்கொண்டு அப்பாவைத்தான் பார்த்தாள். அவர் அம்மாவின் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். மரத்தடியில் வனிதா இன்னும் நின்றிருந்தாள், வாயில் அடைத்த முந்தானையோடு.

"வனிதா," என்று கூப்பிட்டார். "வா சாமி. உள்ள வா."

நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாக வைத்தார்.