சால்தானியா ஆற்றைக் கடந்த கர்னல்

சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தியைக் கோவேறு கழுதை மேல் உட்கார்ந்து கொண்டுவந்தவர் டாக்டர் எலிசேயோ பார்தோ. சிவப்புக் கட்சியின் மேலிடத்து மனிதர். உண்மையில் வக்கீல், ஆனால் பொகோட்டாவில் சட்டம் படித்தவர்கள் எல்லோருமே டாக்டர்தான். அந்த ஊர்க் குளிருக்குத் தைத்த கறுப்புக் கோட்டை டோலிமாச் சமவெளியின் வெயிலிலும் கழற்றாமல் வந்திருந்தார். முகாமுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கேட்டார். வெல்லப் பானகம் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத்தான் பேச்சே வந்தது.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே சண்டை கிடையாது."

"கர்னல்னு கூப்பிடுங்க டாக்டர்," என்றாள் பெத்சபே ஓயுவேலா. "அந்தப் பட்டத்தைக் கொடுத்ததே கட்சிதான். உத்தரவுல உங்க கையெழுத்தும் இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை மறைக்கத் தொப்பியை இறக்கிக்கொண்டார்கள்.

மூன்று வருஷமாக நாடு இரண்டு துண்டாகக் கிடந்தது. தொப்பியில் சிவப்பு நாடா கட்டியவன் லிபரல், நீல நாடா கட்டியவன் கன்சர்வேடிவ். வழியில் எதிர்ப்பட்டவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நாடாவைப் பார்க்கும் காலம் அது. பெத்சபேயின் கணவர் ஜெனரல் நிக்கானோர் இரண்டாம் வருஷ மழையில், ஒரு ஓடைக் கரையில் குண்டடிபட்டு விழுந்தார். அவரைப் புதைத்த கையோடு அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி வந்தது. முறைப்படி மேஜர் அனத்தோலியோவுக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவனோ எல்லோர் முன்னாலும் எழுந்து, "எனக்குச் சண்டை போடத் தெரியும். எப்போ சண்டை போடக் கூடாதுங்கறது இவங்களுக்குத்தான் தெரியும்," என்று பெத்சபேயைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அன்று முதல் சால்தானியா ஆற்றின் தென்கரை அவள் கையில் இருந்தது. எதிர்க்கரையில் சான் ப்ளாஸ் ஊரில் அரசாங்கப் படை. எத்தனையோ தடவை முயன்றும் அவர்களால் ஆற்றைத் தாண்டி வந்து நிலைக்க முடியவில்லை.

பெத்சபே டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயில் உண்டா?"

"கிடையாது. துப்பாக்கியைக் கொடுத்துட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போகலாம். யாரும் தொட மாட்டாங்க."

"கையைக் கட்டிக் கூட்டிட்டுப் போவாங்களா?"

"இல்லவே இல்லை."

"அப்புறம் ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அந்தக் கரையில இருக்கற ஜெனரல் காவியேதெஸ் ஒரு விஷயத்துல பிடிவாதமா இருக்கார். தோத்த படை சரணடைஞ்சு கொடுக்கற வாளை ஒரு பொம்பளை கையால வாங்க மாட்டாராம். படைத்தலைவர்னு யாராவது ஆம்பளை வந்து கொடுக்கணுமாம். மேஜர் அனத்தோலியோ கொடுத்தார்னா... ஒரு நிமிஷ வேலை. நீங்க பின்னால நின்னுக்கலாம்."

அனத்தோலியோ வாயிலிருந்த சுருட்டை எடுத்தான். "நானா? அந்தாள் கையில நான் வாளைக் கொடுத்தா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடுவாளா? மூணு வருஷம் கழிச்சுப் போறேன் டாக்டர், மாட்டுக் கொட்டில்ல படுக்க வெச்சுடாதீங்க."

சிரிப்பு அடங்கியதும் முன்பு ஆற்றில் படகோட்டிய சார்ஜென்ட் மொஸ்கேரா, வளர்ந்த கருங்காலி மரம் போன்ற ஆள், மெதுவாகச் சொன்னான்: "கர்னலம்மா கொடுத்தா நான் துப்பாக்கியை வைப்பேன். வேற யார் கொடுத்தாலும் என் துப்பாக்கி என்கூடவேதான் இருக்கும்." அவன் சொன்னதை ஆமோதித்து முகாம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது.

டாக்டருக்குப் பயம் வந்துவிட்டது. "ஒரு சின்ன விஷயத்துக்காக மறுபடியும் ரத்தமா? கொஞ்சம் யோசிங்க!"

பெத்சபே யோசித்தாள். அவளுக்கும் சண்டை போதும் போதும் என்றுதான் இருந்தது. முகாமில் உப்பு தீர்ந்து வெகுநாளாகிவிட்டது. காய்ச்சல் கண்டவர்கள் மர நிழலில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தலை குனிந்து பின்னால் நின்றுவிட்டால் எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அவள் ஒருத்தியோடு அது முடியாது. அவளை நம்பி நின்ற ஒவ்வொருவனும், தன்னை நடத்தியது யார் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஆயுள் முழுக்க மழுப்ப வேண்டியிருக்கும். இறந்தவர்களுக்கும் அதே கதிதான்.

"ரத்தமெல்லாம் வேண்டாம் டாக்டர். போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"எங்கே?"

"அவர்கிட்டதான்."

முகம் கழுவி, தலையை இழுத்துப் பின்னி, சிவப்பு நாடா கட்டிய தொப்பியை வைத்துக்கொண்டாள். இடுப்புத் துப்பாக்கியை அவிழ்த்து அனத்தோலியோவிடம் கொடுத்தாள். மொஸ்கேரா குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஒத்தையா போகாதீங்கம்மா. நானும் வர்றேன்."

"உன்னைப் பார்த்தா படையெடுத்து வந்ததா நினைப்பான்யா. ஒத்தையா போனாத்தான் விருந்தாளி."

உச்சிவெயிலில், எல்லோர் கண்ணும் பார்க்க, குதிரை ஆற்றில் இறங்கியது. எதிர்க்கரைக் காவல்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். ஆயுதமில்லாத ஒரு பெண் தங்களை நோக்கி நேராக வருவதைக் கண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஜெனரல் எங்கே சாப்பிடறார்?" என்று கேட்டாள். கேட்ட தோரணையில் ஒருவன் தன்னை அறியாமல் வழியைக் கைகாட்டிவிட்டான்.

ஜெனரல் ப்ரோஸ்பெரோ காவியேதெஸ் சதுக்கத்து வளைவுக்கடியில் மேஜை போட்டுக் கோழிச் சூப்பும் வாழைக்காயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, நடந்தால் ஒரு கால் சற்று விந்தும். இந்தப் போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். சதுக்கமெங்கும் அவருடைய சிப்பாய்கள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும்மா நீ?" என்றார்.

குதிரையிலிருந்து இறங்கினாள். "கர்னல் பெத்சபே ஓயுவேலா. ஆத்துக்கு அந்தப் பக்கம் உங்களை இத்தனை நாளா வரவிடாம நிறுத்தி வெச்சவ."

கரண்டிகளின் சத்தம் நின்றது.

ஜெனரல் வாயைத் துடைத்துக்கொண்டார். "தைரியசாலிதான். ஆனா நான் சொன்னது சொன்னதுதான். பொம்பளை கையால வாளை வாங்கினேன்னு ஊர் சொல்ல நான் இடம் கொடுக்க மாட்டேன். நாப்பது வருஷமா இந்தச் சட்டையைப் போட்டிருக்கேன்."

"வாங்கறது வெட்கம்னா, கவிலான் மேட்டுல என்கிட்ட உங்க ஆளுங்களை விட்டுட்டுப் போனீங்களே ஜெனரல், அது எப்படி இருந்துச்சு?"

ஜெனரலின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அதற்குள் அவருக்குப் பின்னால் ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். கார்ப்பரல் ஒருவன், நெற்றியில் வெட்டுத் தழும்பு. தட்டைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்று, பெத்சபேக்கு ராணுவ வணக்கம் வைத்தான்.

"என்னடா இது? உட்காரு!"

கார்ப்பரல் உட்காரவில்லை. "மன்னிக்கணும் ஜெனரல். கவிலான் மேட்டுல நாங்க சிக்கினப்போ கழுத்தை வெட்டுவாங்கன்னுதான் மண்டி போட்டுட்டோம். அப்போ ரெண்டு பக்கமும் அப்படித்தானே நடந்துச்சு. இவங்க வந்து எழுந்திரிங்கடான்னாங்க. அவங்களுக்கே கிழங்கு பத்தலை, அதுலயும் எங்களுக்குப் பங்கு கொடுத்தாங்க. காயம்பட்டவனைத் தோள்ல தூக்கிக்கோன்னு சொல்லி ஆத்துவரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டாங்க. நாடாவைக் கூடக் கழட்டச் சொல்லலை."

"தப்பிச்சு ஓடி வந்ததாத்தானேடா சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல? உண்மையைச் சொன்னா நீங்க எங்களைச் சுட்டிருப்பீங்களே!"

சதுக்கத்தின் இந்த மூலையில் ஒருவன் எழுந்தான். அந்த மூலையில் இருவர். பிறகு கிணற்றடியிலிருந்து ஒரு கூட்டமே எழுந்தது. எல்லோர் தொப்பியிலும் நீல நாடா; எல்லோர் கையும் நெற்றியில். ஜெனரல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செத்துப் போயிருக்க வேண்டிய பையன்கள். அவருடைய பையன்கள் யாருமே இப்படித் திரும்பி வரவில்லை. பிறகு தன் எதிரே இருந்த நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"சாப்பிடுங்க, கர்னல்."

அந்த ஒரு சொல் பெத்சபேயின் காதில் விழுந்தது. நாற்காலியின் முதுகில் கை வைத்தாள், உட்காரவில்லை.

"என் ஆளுங்க இன்னும் சாப்பிடலை ஜெனரல். வாளைக் கொடுத்துட்டு எல்லாருமா சேர்ந்து சாப்பிடறோம். ரெண்டு விஷயம் பாக்கி. நாங்க அணிவகுத்துத்தான் வருவோம். வெட்டுக்கத்தியைக் கொடுக்க மாட்டோம். நாளைக்குக் காட்டைத் திருத்த அது வேணும்."

"அந்தக் கத்தியால என் ஆளுங்களை எத்தனை பேரை..."

"உங்க ஆளுங்க கையிலயும் அதே கத்திதானே இருந்துச்சு."

ஜெனரல் பெருமூச்சு விட்டார். "இருந்துச்சு. சரி, வாங்க."

மறுநாள் காலை தென்கரை ஆட்கள் ஆற்றைக் கடந்தார்கள். முந்தின மாலையே கிழிசல் சட்டைகளைத் துவைத்துக் கல்லில் காயப் போட்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் செருப்பில்லை. ஆனாலும் கால்கள் ஒரே தாளத்தில் விழுந்தன. காய்ச்சல்காரர்களும் படுக்க மறுத்துவிட்டார்கள். நண்பர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தார்கள். முன்னால் குதிரையில் பெத்சபே. கடைசியில், யாரும் கவனிக்காமல், கோவேறு கழுதையில் டாக்டர்.

ஜெனரல் காவியேதெஸ் சதுக்கத்தில் காத்திருப்பார் என்று நினைத்தார்கள். அவரோ பொத்தான்கள் மின்ன முழு உடுப்போடு, விந்தும் காலோடு, தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து நின்றிருந்தார்.

துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. தேய்ந்தவை, கம்பி சுற்றிக் கட்டியவை, கட்டை உடைந்து கொய்யா மரத்தில் செதுக்கி மாட்டியவை. குவியல் ஜெனரலின் முழங்கால் உயரம்கூட வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதை வெச்சுக்கிட்டா?"

"இதை வெச்சுக்கிட்டுத்தான்," என்றாள் பெத்சபே.

மொஸ்கேராவின் மார்பு விம்முவது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவன் கன்னத்தில் வழிந்ததை அவன் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அவள் இறங்கி வந்து, வாளை உறையோடு நீட்டினாள். ஜெனரல் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு கணம் நிறுத்தி, அதைத் திருப்பி அவளிடமே நீட்டினார். "நீங்களே வெச்சுக்குங்க. உங்க கையிலதான் இருக்கணும்."

பெத்சபே மறுத்துத் தலையசைத்தாள். "வேண்டாம் ஜெனரல். உங்க வீட்டுச் சுவர்ல மாட்டுங்க. யார் கொடுத்ததுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார் அவர். பிறகு திரும்பித் தன் படையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நீல நாடாக்காரர்கள் வழியின் இருபுறமும் வரிசையாக நின்று, துப்பாக்கியை மார்புக்கு நேராக ஏந்தி மரியாதை செய்தார்கள். தோற்ற படை அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே ஊருக்குள் நடந்தது. ஜன்னல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். கல்லெறிய வந்த சிலர்கூடக் கையை இறக்கிக்கொண்டார்கள். பெத்சபேயின் நெஞ்சில் வலி இருந்தது. கணவர் பக்கத்தில் இல்லாத வலி, தோல்வியின் வலி. ஆனால் பின்னால் கேட்ட வெறுங்கால்களின் தாளம் அவளைத் தலை நிமிரவே வைத்தது. இவர்கள் என்னவர்கள் என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் பார்தோ பிற்பாடு மந்திரியானார். சமாதானத்தைப் பற்றி நிறைய மேடைகளில் பேசினார். அவற்றில் பெத்சபேயின் பெயர் வந்ததாக யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. தென்கரைக்குத் திரும்பி, எரிந்து கிடந்த வீட்டை மூங்கிலும் மண்ணும் வைத்துக் கட்டினாள். மொஸ்கேராவும் இன்னும் சிலரும் அங்கேயே தங்கிக் காட்டைத் திருத்திப் பயிர் வைத்தார்கள். அனத்தோலியோவை அவன் மனைவி வீட்டுக்குள் விட்டாள்.

தென்கரை ஊர்ப் பாதிரியார் எலும்புவரை நீலம். சிவப்புக்காரர்களுக்கு நரகம்தான் என்று போர் முழுக்கப் பிரசங்கம் செய்தவர். அவளை 'விதவை ஓயுவேலா' என்றுதான் விடாமல் குறிப்பிட்டு வந்தார். ஒரு நாள் காலையில் அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வேலிக்கு ஓடி வந்தார்.

"கர்னல்! கர்னல்! உங்க காளை என் சோளக்கொல்லையில புகுந்துடுச்சு, சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க!"

"இதோ வர்றேன் ஃபாதர்," என்று அவளே கயிற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.