கற்பூரத் தட்டு வந்தபோது

கோமளம் டீச்சர் வகுப்பில் ஒரு தடவை விழுந்தாள், மாடிப்படியில் ஒரு தடவை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். நரம்பின் மேலுறையை அரிக்கிற நோயாம். நாற்பத்திரண்டு வயதுதான், பாவம்.

"மூணு மாசம் விழாம இரு. ஜூன்ல நானே ஸ்கூல்ல கொண்டு விடறேன்" என்றார் கணவர் சுவாமிநாதன். அது தொண்ணூற்றாறு, மார்ச் மாதம். விழாத நாளையெல்லாம் காலண்டரில் சுழித்து வைத்தாள் கோமளம். பள்ளிக்கூடம் இல்லாமல் அவளுக்கு வேறென்ன இருந்தது, சொல்லுங்கள்?

பயிற்சி கொடுக்க அடையாறிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வஜீஹா வருவாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்திருக்க வேண்டும். பிறகு மொசைக் தரைக் கோட்டின்மேல் நடை.

"பசங்கள வரிசையில நிக்க வெச்சீங்க இல்ல டீச்சர்? இப்ப நீங்க நில்லுங்க!"

"போறும்டீ. எங்க ஹெட்மிஸ்ட்ரஸே தேவலை."

ஒன்றை மட்டும் வஜீஹா தினமும் சொல்வாள். "உங்க கால் எங்க இருக்குன்னு காலுக்கே தெரியாது. கண்ணுதான் பாத்துச் சொல்லுது. நிக்கறப்ப கண்ண மூடாதீங்க. முகத்துக்கு சோப்பு போட்டா உக்காந்து போடுங்க. கரண்ட் போனா அசையாதீங்க."

அப்படியே செய்தாள். விழவேயில்லை. இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி.

அன்று வெள்ளிக்கிழமை. தெருக்கோடி அம்மன் கோயிலுக்கு நடந்தே போனார்கள். தீபாராதனை முடியும்வரை சுவாமிநாதன் அவள் முழங்கையை விடவில்லை. குருக்கள் கற்பூரத் தட்டை நீட்டினார். பிறந்ததிலிருந்து வந்த பழக்கமில்லையா? இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் சுடரைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் கருங்கல் தரையில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவளின் கட்டிலோரம் உட்கார்ந்து வஜீஹா அழுதாள். "எல்லாம் சொன்னேன். சாமி கும்பிடறதச் சொல்லலையே டீச்சர்."

"நோக்கு எப்படிடீ தெரியும்? நேக்கே தோணலையே."

"நான்னா கைய விட்டேன்" என்றார் சுவாமிநாதன்.

ஜூன் வந்தது. பள்ளிக்கு ராஜினாமாக் கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. திருத்தச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சக்கர நாற்காலியில் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். தட்டு வந்தது. அவர் சுடரைத் தொட்டு அவள் கண்ணருகே கையைக் கொண்டுபோனார்.

"உக்காந்துண்டுதானே இருக்கே. இப்போ மூடிக்கலாம், கோமளம்."

அவள் மூடவில்லை. நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் இறுகப் பிடித்தபடி, கால்பலகைமேல் இருந்த தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.