மேகத்துக்கு முன்னால் ஒரு வெளிச்சம்

நாலே நிமிடத்தில் என் மனைவி ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த வானம் சரியில்லைங்க" என்றாள். பக்கத்தில் என் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அந்த வானத்தைச் செய்தவன் நான் என்பது இருவருக்கும் தெரியும்.

கட்டுமான இடங்களில் நிற்கும் உயரமான கிரேன்களை ஓட்டப் பழகுகிறவர்களுக்காக எங்கள் அலுவலகம் ஒரு பொய் உலகத்தைச் செய்து வைத்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினால், அறுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடி அறைக்குள் இருப்பீர்கள். கீழே கட்டடம், லாரி, கம்பிக் கட்டு, எறும்பு அளவில் ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் பொறுப்பு. வானம் என் பொறுப்பு. அதனால் எனக்கு அலுவலகத்தில் ஆகாசம் என்று பெயர். ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து ஆறு வருடமாக வானம் செய்கிறேன்.

வானம் என்பது அடுக்குதான். எல்லாவற்றுக்கும் பின்னால் நிறம். அதற்கு முன்னால் நட்சத்திரம், நிலா, சூரியன். பிறகு உயரத்தில் மெல்லிய மேகம், அதற்கும் முன்னால் கீழ் மேகம், கடைசியில் தூரத்துப் புகைமூட்டம். எது எதற்கு முன்னால் என்பதில் தவறினால் மானம் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நட்சத்திர அடுக்கை நிலாவுக்கு முன்னால் வைத்துவிட்டேன். பிறை நிலாவின் இருட்டுப் பகுதிக்குள் நட்சத்திரங்கள் ஜம்மென்று மின்னின. அலுவலகமே கூடி நின்று சிரித்தது. இன்றைக்கும் யாருக்காவது பொழுது போகவில்லை என்றால் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

என் மனைவி பொய்க் கிரேன் ஓட்டுகிறவள் இல்லை. பதினோரு வருடமாக நிஜக் கிரேன். நானோ ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுவதற்கே அவளைக் கூப்பிடுகிறவன். "உங்களுக்கு வானம் வேணும், உயரம் மட்டும் ஆகாது" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லி என்னை வாருவாள்.

அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததற்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன், காலை எட்டரை மணிக்கு, அவள் ஒரு கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஒரு காற்று வந்து அடித்தது. கட்டு சுழன்று போய்ச் சாரத்தில் மோதி, பலகைகள் சரிந்தன. அந்தப் பலகைகளின் கீழே வேலை செய்துகொண்டிருந்த இருவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் கட்டைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஏணி வழியாக இறங்கி வந்தாள். மறுநாள் காலை மூன்றாவது படிக்கு மேல் அவளால் ஏற முடியவில்லை.

எங்கள் சிமுலேட்டரில் ஒரு பரீட்சை எழுதித் தேறினால் மறுபடியும் ஏறலாம், இல்லையென்றால் ஸ்டோர் ரூம் வேலை என்று அவள் நிறுவனம் சொல்லிவிட்டது. பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. பழகிப் பார்க்கலாம் என்றுதான் வந்தாள். வந்த இடத்தில் என் வானத்தைக் குறை சொன்னாள்.

"என்ன சரியில்ல?" என்றேன். குரலில் ரோஷம் இருந்தது, மறைக்கவில்லை.

"எல்லா மேகமும் ஒரே பக்கம், ஒரே வேகத்துல போகுது. துணி காயப்போட்ட கொடியை அப்படியே இழுத்த மாதிரி இருக்கு. மேல இருக்கிறது அது பாட்டுக்குச் சோம்பேறியா போகும்ங்க. கீழ இருக்கிறதுதான் காத்தைக் கூட்டிட்டு வரும். அது வேகம் எடுத்தா நான் கட்டை இறக்கிடுவேன். இதுல காத்து சொல்லாம கொள்ளாம வருது."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சுருக்கமா சொல்லணும்னா, கொக்கியைத்தான் எல்லாரும் பாப்பாங்க. வானத்தை யார் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன் சார்" என்றாள்.

பேருந்தில் வீடு திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "அன்னிக்கு இருந்த வானத்தை அதுல வைக்க முடியுமா?"

"எதுக்கு?"

"அந்தக் காத்தைக் கூட்டிட்டு வந்த கீழ் மேகம் என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமா, தெரிஞ்சிருக்காதா, அது எனக்குத் தெரியணும். தெரியவே முடியாதுன்னா சரி, என்னோட தப்பு இல்ல. தெரிஞ்சும் நான் பாக்காம விட்டிருந்தா, பரீட்சையில தேறினாலும் எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். கீழ ரெண்டு பேர் வேலை செஞ்ச இடம்ங்க அது."

மறுநாள் மேனேஜரிடம் மூன்று நாள் கேட்டேன். சுருக்கமாக இரண்டு நாள் கொடுத்தார்.

அவள் வேலை செய்கிற கட்டடம் வளர்வதைப் படமெடுக்க, எதிர்க் கட்டடத்து மாடியில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கிற கேமரா. பத்து விநாடிக்கு ஒரு படம். அன்றைய படங்களை அந்த இடத்து ஃபோர்மேன் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு படத்திலும் பாதி வானம்தான். அதிலிருந்து மேகங்களின் உயரத்தையும் வேகத்தையும் அளந்தேன். மேல் மேகம் வடக்கே நகர்ந்துகொண்டிருக்க, கிழக்கிலிருந்து கீழ் மேகம் ஒன்று கிரேனைத் தாண்டி ஓடியிருந்தது. அது வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். எட்டரை மணிச் சூரியனை அதன் இடத்தில் வைத்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே இரண்டு நாளும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன், திட்டும் வாங்கினேன்.

மூன்றாம் நாள் அவள் வந்து உட்கார்ந்தாள். நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியனுக்குச் சற்று வலது பக்கம், ஓரம் கிழிந்த ஒரு சாம்பல் மேகம் வேகமாக வந்தது. நாற்பது விநாடி கழித்துக் காற்று அடித்தது. மறுபடியும் போடச் சொன்னாள். மூன்று தடவை பார்த்தாள். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி, அதன் வயரைப் பொறுமையாகச் சுற்றி வைத்தாள்.

"நல்லாத் தெரியுது. நான்தான் பாக்கலை."

அன்று சாயங்காலமே ஸ்டோர் ரூம் வேலைக்குச் சம்மதம் என்று ஃபோர்மேனுக்குச் சொல்லிவிட்டாள். அழவில்லை. பீரோவின் மேலிருந்த பாதுகாப்புப் பெல்ட்டை எடுத்துத் துடைத்து, ஒரு பையில் போட்டுக் கட்டினாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. பதினோரு வருடமாக மரக்கிளை ஆடினாலே அவள் கிரேன் நிற்கும் திசையைத்தான் பார்ப்பேன். இனி ஆடட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்த வானத்தை எடுத்து ஒழுங்குபடுத்தி வைக்கலாம் என்று திறந்தேன். அடுக்குகளின் பட்டியலைப் பார்த்ததும் காது சூடாகிவிட்டது. சூரியனைச் சுற்றிக் கண்ணைக் கூச வைக்கிற வெளிச்சத்துக்கு ஒரு தனி அடுக்கு உண்டு. கீழ் மேகத்தைப் புதிதாகச் செய்த அவசரத்தில் அதைக் கூசும் வெளிச்சத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருப்பது சரிதான். ஆனால் கூச்சம் வானத்தில் இல்லையே, அது பார்க்கிறவரின் கண்ணில் இருக்கிறது. எல்லா அடுக்குக்கும் முன்னால் நிற்க வேண்டியது அது. ஆறு வருடம் கழித்து அதே நிலாத் தவறு. இந்த முறை சிரிக்க யாரும் இல்லை.

அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் தரையிலேயே இருப்பாள். நான் நிம்மதியாக இருப்பேன். ஆனால் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவள் ஸ்டோர் ரூமில் ஆணி எண்ணுவாள், என் நிம்மதிக்காக. அந்த அடுக்கைப் பிடித்து மேலே இழுத்தேன். ஒரே இழுப்புதான். சாம்பல் மேகம் வெள்ளை வெளிச்சத்தில் கரைந்து காணாமல் போனது. காற்று அடித்தது.

மதியமே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"எனக்காக மாத்தினீங்களா?"

"தப்பை சரி பண்ணேன்."

"முதல்ல தெரிஞ்சுது. நான் மனசு உடைஞ்சு போனதும் இப்ப தெரியலைங்கறீங்க. நான் எப்படி நம்புறது?"

எனக்குக் கோபம் வந்தது. "நீ கீழ இருந்தா எனக்குத்தான் நல்லது. பதினோரு வருஷமா பயந்து சாகுறேன். என் இஷ்டத்துக்குச் செய்யறதா இருந்தா, தப்பை அப்படியே விட்டுட்டுப் பேசாம இருந்திருப்பேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

"நாளைக்குக் காலையில எட்டரை மணிக்குக் கிரேன்ல ஏறிப் பாக்கறேன். நிஜமான வெளிச்சம் சொல்லட்டும்."

இயந்திரம் ஓடாது, பெல்ட் கட்டாயம், அரை மணி நேரம் மட்டும் என்று மூன்று நிபந்தனைகளோடு ஃபோர்மேன் ஒத்துக்கொண்டார். கட்டட வரைபடக் காகிதங்களைப் பக்கத்து மேசையில் விரித்து வைத்துவிட்டு, என் கையில் ஒரு வாக்கிடாக்கியைக் கொடுத்தார். அவள் பெல்ட்டை மாட்டி இறுக்கினாள். ஒரு படி, இரண்டு, மூன்று. நின்றாள். அடுத்த கம்பிக்குக் கையை நீட்டவில்லை. போதும், இறங்கிவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக என் வலது காலைத் தூக்கி முதல் படியில் வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "நீங்க ஏறினா, உங்களை இறக்க இன்னொரு கிரேன் வேணும். காலை எடுங்க."

எடுத்தேன். அவள் நாலாவது படிக்குப் போனாள். பிறகு ஐந்து. ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு விட்டு, அடுத்ததைப் பிடித்தாள். வழக்கமாக எட்டு நிமிடத்தில் ஏறுகிறவளுக்கு இருபது நிமிடம் ஆனது. கண்ணாடி அறையின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நான் உள்ளங்கையால் சூரியனை மறைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தேன். காத்திருந்தேன். விரல்களின் ஓரத்தில் ஒரு கீழ் மேகம் தலைகாட்டியது, வேகமாக வந்தது.

"வருது" என்றேன் வாக்கிடாக்கியில். "சூரியனுக்கு வலது பக்கம். கண்ணை மறைக்காதே, அன்னிக்கு மாதிரியே ரெண்டு கையும் பிடியிலயே இருக்கட்டும். தெரியுதா?"

கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது.

"எங்க?"

"வலது பக்கம். சின்னது."

"இல்லைங்க. வெறும் வெள்ளையாத்தான் இருக்கு." அவள் குரல் உடைந்தது. செருமிச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணுமே தெரியலை."

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் வாக்கிடாக்கியைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன்.

"இருங்க" என்றது வாக்கிடாக்கி. இது வேறு குரல், வேலை செய்கிறவளின் குரல். "கீழ நிழல் வருது. தூரத்துத் தகரக் கூரை மேல. அன்னிக்கும் வந்திருக்கும். இனிமே வானத்தைப் பாத்துட்டு அதையும் பாக்கணும். காத்து வர்ற வரைக்கும் எண்ணுறேன். ஃபோர்மேன் சாரை அந்தக் காகிதத்தையெல்லாம் பிடிச்சுக்கச் சொல்லுங்க. ஒண்ணு. ரெண்டு."

நிழல் கூரைகளைத் தாண்டி, சுற்றுச்சுவர் மேல் ஏறி இறங்கி, மணல் குவியலைக் கடந்து வந்து, என் செருப்பின் மேல் ஏறியது. காற்று இன்னும் வரவில்லை. தலைக்கு மேலே, எனக்குப் பார்க்கப் பயமான உயரத்தில், அவள் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.