எழிலின் எண்

பத்தாம் தேதி வேலையில் சேர வேண்டும் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. தஞ்சாவூர் கிளை. எழுத்தர் வேலை. கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. என் பெயரில் கட்டாத கடன் இருக்கக் கூடாது. இருந்தால், அதை முடித்ததற்கான அறிக்கையை ஒரு பக்கமும் விடாமல் சேரும் அன்று கொடுக்க வேண்டும். தவறினால் நியமனம் ரத்து.

எனக்கு ஒரு கடன் பாக்கி இருந்தது.

முதலில் ஏழு இருந்தன. எல்லாம் செல்போன் ஆப்களில் வாங்கியவை. அப்போது குத்தாலத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. பான் கார்டைப் படம் பிடித்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் நாலாயிரம் வந்தது. ஏழு நாளில் ஆறாயிரமாகத் திருப்ப வேண்டும். முதல் கடனின் வட்டியைக் கட்ட இரண்டாவது வாங்கினேன். இரண்டாவதின் வட்டிக்கு மூன்றாவது. ஆறுக்குப் பிறகு என் எண்ணுக்கு யாரும் தரவில்லை. புது எண்ணாக இருந்தால் முதல் கடன் உடனே கிடைக்கும் என்று ஆலை லாரி ஓட்டுநர் துரைராசு சொன்னார். ஏழாவதை என் பெயரில், என் மனைவி எழில்மொழியின் எண்ணைக் கொடுத்து, அவள் போனிலேயே ஆப்பைப் போட்டு வாங்கினேன்.

"நம்பர்தானே, போட்டுக்கங்க" என்றாள்.

தவணை தவறியதும் அவளை அழைத்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது முறை. அவள் படத்தின் மேல் 'திருடி' என்று எழுதி, அவள் போனில் பெயர் இருந்த எல்லோருக்கும் அனுப்பினார்கள். அவளுடைய அக்காவுக்கும் போனது, தையல் வகுப்பு டீச்சருக்கும் போனது. நான் ஒரு வழி சொன்னேன்.

"நான் வேலைக்குக் கிளம்புனதும் போனை ஆஃப் பண்ணிடு. சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்."

அது ஜூன் மாதம். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. தெருவில் எல்லோரும் வயலுக்குப் போயிருந்தார்கள். இருபத்தொன்றாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு அவளை அழைத்தேன். போன் ஆஃப். வழக்கம்தான் என்று சாப்பிட உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு.

கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கரு உண்டானதே எங்களுக்குத் தெரியாது. மதியத்துக்குள்ள கூட்டிட்டு வந்திருந்தா என்று ஒரு டாக்டர் ஆரம்பித்தார். பக்கத்தில் நின்றவர் அவர் கையைத் தொட்டார்.

அதன் பிறகு இரண்டு வருடம். ஆறு கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தேன். ஆலை வேலை போக, அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினேன். பத்தாயிரம் ரூபாயை வங்கியில் வைப்பாகப் போட்டு அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். மாதம் முந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, தேதி தவறாமல் கட்டினேன். 512-இல் கிடந்த சிபில் ஸ்கோர் 671-க்கு வந்தது. வங்கித் தேர்வும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய வேறொன்றும் இல்லை.

ஏழாவது மட்டும் நின்றது. அந்த ஆப் காணாமல் போயிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த நிதி நிறுவனத்தைத் தேடிப் பிடிக்க நாலு மாதம் ஆனது. அங்கே ஆஷிகா என்ற பெண் பேசினாள். மரியாதையாகவே பேசினாள்.

"நாலாயிரத்து முந்நூறு கட்டிட்டா முடிஞ்சிடும் சார். ஆனா க்ளோஸ் பண்ண ஓடிபி வரும். ரிஜிஸ்டர் பண்ண நம்பருக்குத்தான் வரும்."

"நம்பரை மாத்திக் குடுங்க."

"மாத்தறதுக்கும் அந்த நம்பருக்குத்தான் சார் ஓடிபி போகும்."

எழில் போன பிறகு அந்த எண்ணுக்கு நான் ரீசார்ஜ் செய்யவில்லை. செத்துப்போன எண்ணைக் கம்பெனி வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்று தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

ஏழாம் தேதி காலை அந்த எண்ணை அழைத்தேன். என் போனில் இன்னும் 'எழில்' என்றுதான் காட்டியது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"யாருடா அது?" ஒரு பெண் குரல். பின்னால் சந்தை இரைச்சல்.

"வணக்கம். எழில்மொழின்னு..."

"எழில்மொழியா? அவளைத்தான்டா நானும் தேடிட்டிருக்கேன்! கையில கெடைச்சா வாளை மீனு மாதிரி நறுக்கிடுவேன். வைடா போனை!"

மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வேறு எண்ணிலிருந்து, மீன் வாங்க வேண்டும், எங்கே வர என்று கேட்டேன். திருவாரூர் மீன் மார்க்கெட், சௌந்தரநாயகின்னு கேளுங்க, யாரும் சொல்லுவாங்க என்றார் அதே குரலில், சர்க்கரையாக.

மறுநாள் போனேன். ஐம்பது வயதிருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து தினமும் மீன் கொண்டுவந்து விற்கிறவர். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். கை நின்றது.

"மீனு வேணும்னு பொய் சொல்லி வந்திருக்கே. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இதே பொழப்பா?"

"மன்னிச்சிக்கங்கக்கா. ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொன்னா..."

"ஓடிபி சொன்னா என் பணத்தை உருவிடுவே. தெரியாதுன்னு நெனச்சியா?" பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பினார். "இவன் பொண்டாட்டி வாங்குன கடனுக்குத்தான்ணே ஒரு வருஷமா என்னை நாறடிக்கிறானுங்க. சம்பந்தி வீட்டுல கேக்கறாங்க, ஒங்களுக்கு எழில்மொழின்னு இன்னொரு பேரு உண்டான்னு."

கடைக்காரர் சிரித்தார். "நம்பரை மாத்திக்கயேன்."

"நாப்பது வீடு, மூணு ஓட்டலு இந்த நம்பர்லதான் மீனு சொல்றாங்க. நான் ஏன் மாத்தணும்?" என்னைப் பார்த்தார். "அவளை வரச் சொல்லு. மூஞ்சியைப் பாத்து நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

"கடன் நான் வாங்கினது. நம்பர்தான் அவளோடது."

"சரி, வரச் சொல்லு."

"இறந்துட்டா."

"எல்லா ஏமாத்துக்காரனும் இதைத்தான் சொல்றான்."

பையில் இறப்புச் சான்றிதழ் இருந்தது. எல்லா அலுவலகத்திலும் கேட்பதால் எப்போதும் இருக்கும். நீட்டினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இருபத்தாறு வயசா?"

"ஆமா."

"எத்தனை நாளு இந்தப் புள்ளையைத் திட்டித் தீத்திருக்கேன்" என்றார். தாளை ஈரம் படாமல் மடித்துத் தந்தார். போனையும் தந்தார். அதில் செதில் ஒட்டியிருந்தது.

பணத்தைக் கட்டினேன். ஆஷிகாவை அழைத்தேன். ஓடிபி அனுப்பினாள். அது திரையில் வந்த நொடியில் அழைப்பு ஒன்று வந்து மறைத்தது. ஏதோ ஓட்டல், ரெண்டு கிலோ இறால். துண்டித்தேன். மறுபடி அவர்களே. துண்டித்தேன். மறுபடி. வந்துகொண்டே இருந்ததில் வேறெதையும் தொட முடியவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

"இப்புடித்தான் தம்பி. ஒருத்தன் கூப்பிட ஆரம்பிச்சா நம்ம போனு நம்ம கையில இல்ல" என்றார் சௌந்தரநாயகி. ஓட்டலுக்கு அவரே பேசி முடித்தார். இரண்டாவது ஓடிபி சரியாக வந்தது. ஆறு எண்கள். வாசித்தேன்.

"க்ளோஸ் ஆயிடுச்சு சார். ரிப்போர்ட் அதே நம்பருக்கு வாட்ஸ்அப்ல வரும். ரெண்டு பக்கம். ரெண்டாவது பக்கத்துல எங்க ரெக்கவரி ஆளுங்க பேசின விவரம் இருக்கும்."

அங்கேயே நின்று படித்தேன். முதல் பக்கத்தில் பாக்கி பூஜ்யம். இரண்டாம் பக்கத்தில் தேதி, மணி, குறிப்பு. எல்லாம் ஆங்கிலம். கீழே போனேன்.

ஜூன் 21. காலை 11.42. வாடிக்கையாளர் எடுத்தார். ஒரு நிமிடம் பத்து நொடி. வயிற்று வலி, கணவரை அழைக்க வேண்டும், போனை வைக்கச் சொல்கிறார். வழக்கமான சாக்கு. தொடர்ந்து அழைக்கவும்.

11.44, எடுக்கவில்லை. 11.45, எடுக்கவில்லை. 11.46. 11.47, இரண்டு முறை. 11.49. 11.51, ஸ்விட்ச் ஆஃப்.

அன்று அவள் போனை ஆன் செய்திருக்கிறாள். என்னை அழைப்பதற்காக.

அறிக்கையை என் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அவருடையதிலிருந்து அழித்தேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன். சௌந்தரநாயகி ஒரு கவரில் சங்கரா நாலு போட்டுத் தந்தார். பணம் வாங்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன்.

"ரெண்டாவது பக்கமும் வேணுமாண்ணே? சும்மா கால் லிஸ்ட்டுதான் இருக்கு" என்றாள் கடைப் பெண்.

"வேணும்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் இரண்டு தாள்கள், காலடியில் மீன். பத்தாம் தேதி இவற்றை ஓர் அதிகாரி வாங்கிப் பார்ப்பார். முதல் பக்கத்தைத்தான் பார்ப்பார். சீல் போட்டுக் கோப்பில் வைப்பார். வேலை கிடைத்துவிடும். கிளைக்குக் கடன் கேட்டு வருகிறவர்களின் விவரத்தை நான் கணினியில் ஏற்றுவேன். கைபேசி எண் என்ற கட்டத்தில் எண்ணைக் கேட்டு நிரப்புவேன்.

பஸ் கிளம்பும்போது போன் அடித்தது. திரையில் 'எழில்' என்று வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"தம்பி, பஸ் ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்க்கா."

"அந்தத் தாளுல வேற என்ன போட்டிருந்தான்? படிக்கிறப்ப ஒம் மூஞ்சியே சரியில்லை."

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "பாக்கி இல்லைன்னு போட்டிருக்கு."