ஜரிகைத் துண்டால தொடச்ச பானட்டு

இனியாக்கா, கையெல்லாம் பாலிஷ் பிசுக்கு, தட்ட வரல. அதான் பேசியே அனுப்பறேன். அம்மாகிட்ட இப்ப சொல்லாத.

ஆரணி பஸ் ஸ்டாண்டு எதுக்க வண்டிக்குள்ள உக்காந்துகினு இருக்கேன். எங்க மொதலாளி ஹேமநாத் அண்ணன் செய்யார்ல இருந்து பஸ்ல வந்துகினு இருக்காரு. அவரு காருக்கு பாலிஷ் போடறேன்னு நான்தான் வண்டிய வாங்கி வெச்சிகினேன். நாளைக்கு அவரு பொண்ணுக்கு மாப்ள வீட்ட பாக்கப் போறாங்க. வேலூருக்கு அனுப்பி பாலிஷ் போடலாம்னாரு. சும்மா இருக்காம, வீட்லயே போட்டுடறேண்ணே, வீடியோ பாத்து வெச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்.

காலைல ஷாம்பு போட்டு கழுவி நெழல்ல நிறுத்தினேன். தொடைக்கற துணி கைநழுவி மண்ல விழுந்துச்சி. மண்ணோட தொடச்சா கீறல் வுழும்னு தெரியும். அதனால வீட்டோரம் இருக்கற தறிக்கொட்டாய்ல வெட்டிப் போட்டிருந்த பட்டுத்துண்ட எடுத்தேன். பட்ட விட மெத்துனு வேற என்னா இருக்குன்னு நெனச்சேங்க்கா. எஞ்சின் மேல மூடியிருக்கற கறுப்பு பானட்டு பூரா வட்ட வட்டமா அழுத்தித் தேச்சிட்டேன்.

தறி நெய்யற பழனி டீ குடிக்க வெளிய வந்தான். துணிய பாத்துட்டு சிரிச்சான்.

"இன்னாடா தென்னரசு, காருக்கே நிச்சயமா? பட்டெல்லாம் கட்டி வுடற. ஓரம் பூரா ஜரிகைடா. கம்பி அது."

வெய்யில்ல தள்ளி பாத்தேன். சிலந்தி வலை கட்டினாப்ல பானட்டு முழுக்க கோடு.

கீறல் எடுக்கற பேஸ்ட்ட போட்டு தேச்சேன். போகல. இன்னும் தேச்சேன். முன்பக்க மடிப்புல கறுப்பு போயி அடியில இருக்கற சாம்பல் கலர் வந்துடுச்சி. கட்டைவெரல் அகலம் இருக்கும்.

கறுப்பு மார்க்கர தடவி வுடு, யாரு குனிஞ்சி பாக்கப் போறான்னு பழனி கையில ஒண்ண குடுத்தான். எனக்கு முன்ன இருந்த ட்ரைவரு கதவு நசுங்கினத மறைச்சாருன்னு அன்னிக்கே நிறுத்திட்டாங்க. வேலை போனா நான் தங்கற ரூமும் போச்சி. வெம்பாக்கத்துக்கே வந்து அப்பா கூட கூலிக்கு நிக்கணும். தெரிஞ்சும், பயத்துல மார்க்கர் மூடிய தொறந்துட்டேங்க்கா.

அப்பதான் அண்ணன் போன் பண்ணாரு. அரைமணில எறங்கிடுவேன், வண்டி ரெடியான்னாரு. என் வாய் தானா சொல்லிடுச்சி.

"அண்ணே, பானட்டுல பெயிண்ட்ட எடுத்துட்டேன். என் தப்புதாண்ணே."

பஸ் சத்தத்துக்கு நடுவுல சொன்னாரு.

"வண்டிய எடுத்துகினு வா."

அவ்ளோதான், வெச்சிட்டாரு. கோவமா இல்லியான்னு குரல்ல ஒண்ணும் தெரியல. திட்டியிருந்தா கூட தேவல.

பஸ்ஸு வந்துடுச்சிக்கா. எறங்கிட்டாரு. நேரா முன்பக்கம் வர்றாரு. குனியறாரு. என்ன பாக்கல, அந்த எடத்த மட்டும் வெரலால தடவிகினு நிக்கறாரு. உள்ளயே இருக்கட்டா எறங்கட்டா தெரியல.

எறங்கறேன்.