மட்டை உயர்ந்தால் கார்னர்

எங்கள் ஹாக்கி அணி ஏன் விழுந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மைதானத்தின் டர்ஃப் தேய்ந்துவிட்டது என்றார் மேனேஜர். சம்பளம் ஏறியதும் பையன்களுக்குத் திமிரும் ஏறிவிட்டது என்றார் முதலாளி. பத்திரிகைக்காரர்கள் தலைமுறை மாற்றம் என்று எழுதினார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களையே கேட்டால் முழித்திருப்பார்கள். முதலாளிக்கு மெத்தை வியாபாரம் என்பதால் எங்கள் சட்டையின் நெஞ்சில் ஒரு தலையணைப் படம் உண்டு. கோப்பை வாங்கிய வருடங்களில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. தோற்க ஆரம்பித்த பிறகு, எங்களுக்கு விழுந்த ஒவ்வொரு கோலுக்கும் எதிரணி ரசிகர்கள் "குட் நைட்" என்று சேர்ந்து கத்தினார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். அது எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தது. மூன்று வேளையும் கீழே இறங்கி வந்து எங்களோடுதான் சாப்பிட்டது.

அவன் என் தம்பி. ஊருக்கு அவன் பீரங்கி.

நான் அணியின் வீடியோ எடுப்பவள். என்னிடம் இரண்டு கேமராக்கள். ஒன்று நடுக்கோட்டுக்கு நேராக இரும்புச் சாரத்தின் மேல் இருக்கும். பந்து போகும் பக்கமெல்லாம் அதைத் திருப்பிக்கொண்டே இருப்பது என் வேலை. இன்னொன்று எதிரணி கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கழியில் நிற்கும். அதை யாரும் தொட வேண்டாம், மைதானம் முழுவதையும் அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கம் மாறும்போது அதைத் தூக்கிக்கொண்டு நான் மறுகோடிக்கு ஓடுவேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் வெட்டி ஒட்டி கோச்சிடம் கொடுப்பேன். இந்த வருடத்திலிருந்து கோச் என் கணவர். பழைய கோச்சை அனுப்பிவிட்டு, அவருக்கு உதவியாளராக இருந்த இவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேறு யாரும் உட்காரத் தயாராக இல்லை என்பதுதான் இவருடைய முக்கியமான தகுதி.

பீரங்கி என்ற பெயர் சும்மா வரவில்லை. ஹாக்கியில், கோல் முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள் தடுப்பவன் காலில் பந்து பட்டால் நமக்குப் பெனால்டி கார்னர். ஒருவன் ஓரத்திலிருந்து பந்தைத் தள்ளுவான், இன்னொருவன் வட்டத்துக்கு வெளியே நிறுத்துவான், மூன்றாமவன் அதை மட்டையால் இழுத்து வந்து சுழற்றி வீசுவான். அந்த மூன்றாமவன் என் தம்பி. அவன் வீசினால் கீப்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. உண்மையில் அவன் பின்கள ஆட்டக்காரன். நாங்கள் தாக்கப் போகும்போது அவன் நடுக்கோட்டருகே நிற்பான். பந்து வட்டத்துக்குள் நுழைந்ததும் மட்டையை ஒரு கையால் உயர்த்துவான். 'ஒரு கார்னர் வாங்கு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்' என்று அதற்கு அர்த்தம்.

பழைய கோச் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். அதைச் சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். காலைப் பயிற்சியில் வட்டத்துக்குள் பழைய ஷூக்களை ஜோடி ஜோடியாக வைப்பார். எங்கள் ஃபார்வர்டுகள் ஓடி வந்து கோலைப் பார்த்து அடிக்க மாட்டார்கள், ஷூவைக் குறிபார்த்து அடிப்பார்கள். யார் அதிக ஷூவை அடிக்கிறார்களோ அவர்கள்தான் மறுநாள் ஆட்டத்தில். வருடக்கணக்கில் இது நடந்தது. கோப்பைகளும் வந்தன. கோப்பை வரும்போது யார் கேள்வி கேட்பார்கள்?

பிறகு மற்ற அணிகளின் கீப்பர்கள் தம்பியின் வீச்சைப் படித்துக்கொண்டார்கள். அவன் இடுப்பும் முன்னைப்போல வளையவில்லை. முன்பு வீசியதில் பாதி வலைக்குள் போகும், இப்போது எப்போதாவது ஒன்று போனது. ஆனாலும் எங்கள் அணியில் அதிக கோல் போட்டவன் அவன்தான். மற்றவர்கள் போட்டால்தானே! அணி கடைசியிலிருந்து மூன்றாவதாக முடித்த போன வருடத்திலும் சிறந்த ஆட்டக்காரன் பரிசை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் டிவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

எங்களிடம் எறும்பு என்று ஒரு ஃபார்வர்ட் உண்டு. ஆள் சிறிசு, ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. போன வருடம் ஒரு ஆட்டத்தில் எல்லாரையும் தாண்டி வட்டத்துக்குள் தன்னந்தனியாகப் போய்விட்டான். எதிரே கீப்பர் மட்டும். எறும்பு நின்றான். திரும்பிப் பார்த்தான். தடுப்பவன் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வரும்வரை காத்திருந்து, அவன் காலைப் பார்த்து அடித்தான். அரங்கமே சிரித்தது. சாரத்தின் மேல் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

என் கணவர் பதவிக்கு வந்த முதல் நாளே ஷூக்களை மூட்டை கட்டினார். அப்படியும் பழக்கம் போகவில்லை. காலி வட்டத்திலும் பையன்கள் கால்களைத் தேடினார்கள். சீசன் பாதியைத் தாண்டியது, நாங்கள் அடியிலேயே கிடந்தோம். கடைசி இடத்தில் முடிக்கும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் மதியம் அவர் வந்து என் மேசையருகே நின்றார்.

"நாளைக்கு மீட்டிங்ல போட ஒரு வீடியோ வேணும். ரெண்டு கேமராவும் பக்கத்துல பக்கத்துல வரணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? அவன் அங்க கையைத் தூக்கிட்டு நிக்கிற வரைக்கும் இவனுங்க அடிக்க மாட்டானுங்க. அவனை உட்கார வைக்கணும். ஏன்னு எல்லாருக்கும் புரியணும்."

"அத்தனை பேர் முன்னாடியா?"

"தனியா சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவான். உன் தம்பியாச்சே."

"கோல் போட்டா உங்க மச்சான், இல்லேன்னா என் தம்பி."

அவர் மைதானத்துக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அணி கீழே இறங்கினால் இறங்கட்டும் என்றுகூட அன்று தோன்றியது. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: தம்பி விலகுவதானால் கேவலப்படாமல் விலக வேண்டும். அவன் தூக்கி வளர்த்த பையன்கள் முன்னால் குற்றவாளியாக அவன் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் அன்று சாயங்காலமே அவனைக் கூப்பிட்டேன்.

என் எடிட்டிங் அறை கேலரிக்கு அடியில் இருக்கிறது. பந்துக் கூடைகள், கிழிந்த வலை, பயிற்சிக் கூம்புகள் எல்லாம் அங்கேதான். இருப்பது ஒரே நாற்காலி, அதில் நான். தம்பி மூலையில் கிடந்த ஷூ மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

முதலில் சாரத்துக் கேமராவில் எடுத்ததைப் போட்டேன். ஃபார்வர்டுகள் வட்டத்துக்குள் நுழைகிறார்கள், தயங்குகிறார்கள், காலைத் தேடுகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது.

"எருமைங்க," என்று தொடையைத் தட்டிச் சிரித்தான். "கீப்பர் மட்டும்தானே இருக்கான்! அடிக்க வேண்டியதுதானே? மாமா இவனுங்களை என்னதான் பண்றாரோ."

அடுத்து, அதே காட்சிகளைக் கம்பத்துக்குப் பின்னாலிருக்கும் கேமராவில் போட்டேன். எறும்பு ஓடி வருகிறான், திரும்பிப் பார்க்கிறான். தூரத்தில், நடுக்கோட்டில், ஒரு மட்டை உயர்ந்திருக்கிறது. அடுத்த காட்சி. வேறு ஆட்டம், வேறு ஃபார்வர்ட். அவனும் திரும்பிப் பார்க்கிறான். மட்டை உயர்ந்திருக்கிறது. அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

தம்பி சிரிப்பதை நிறுத்தினான். இன்னும் நாலைந்து ஓடின.

"நான் வேணும்னு தூக்கலக்கா," என்றான். "கை தானா போகுது."

"தெரியும்டா."

"மாமா பார்த்துட்டாரா?"

"அவர்தான் கேட்டாரு. நாளைக்கு எல்லாருக்கும் போடணுமாம்."

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தது. "நான் இல்லேன்னா இந்த டீமுக்கு யாரு கோல் போடுறது? சொல்லு. நாம போட்டதுல பாதிக்கு மேல என்னோடது!"

"அதான்டா பிரச்சனை."

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவன் என்னையே பார்த்தான். சின்ன வயதில் அவன் சைக்கிளை நான் மோதி உடைத்தபோதுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து போனான். மூட்டையில் அவன் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது.

மறுநாள் மீட்டிங்கில் விளக்கை அணைக்கப் போகும்போது தம்பி எழுந்து நின்றான். "கோச், இடுப்பு ரொம்பப் படுத்துது. கொஞ்ச நாள் நான் வெளியே உட்கார்ந்துக்கறேன்," என்றான். வீட்டில் மாமா என்று கூப்பிடுபவன் அங்கே கோச் என்று கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் அன்று அந்தச் சொல்லில் குளிர் இருந்தது. என் கணவர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "சரி," என்று சொல்லி வீடியோவைப் போடாமலே கூட்டத்தை முடித்தார். பையன்களுக்கு உண்மையான காரணம் கடைசிவரை தெரியவில்லை. மச்சானை ஒழித்துக்கட்டிவிட்டான் என்று ரசிகர்கள் அவரைத் திட்டினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அவரிடம் அதைச் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

புனரமைப்பு என்ற வார்த்தையைப் பத்திரிகைகள் ஆசையாக எழுதும். பக்கத்தில் நின்று பார்த்தால் அது பார்க்கச் சகிக்காத ஒன்று. வேறு வழியில்லாமல் பையன்கள் கோலைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். அடித்த பந்துகள் கேலரிக்குப் போயின, விளம்பரப் பலகைக்குப் போயின, ஒன்று மேனேஜரின் டீ கிளாஸைப் பதம் பார்த்தது. வலையைத் தவிர எல்லா இடத்துக்கும் போயின. பழக்கமே இல்லாததை எப்படிச் செய்வார்கள்? கோலே இல்லாமல் சில ஆட்டங்கள் தோற்றோம். பிறகு ஒருவன் காலிடறி விழுந்துகொண்டே ஒன்றைப் போட்டான். அடுத்த வாரம் இன்னொருவன் ஒழுங்காக நின்றே போட்டான். ஒரு வெற்றி வந்தது, அப்புறம் ஒரு டிரா. எறும்பு மட்டும் போடவில்லை. அவன் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அங்கே யாரும் இல்லாவிட்டாலும்.

வீட்டில் மாமாவும் மச்சானும் நேரடியாகப் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து என் மூலமாகப் பேசுவார்கள். தண்ணீர் ஜாடி வேண்டுமென்றால்கூட மனு என்னிடம்தான் வரும். நானும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்டம் வந்தது. டிரா செய்தால் தப்பிக்கலாம், தோற்றால் இரண்டாம் பிரிவு. முதலாளி போன் செய்து, பீரங்கி ஆட வேண்டும், இல்லையென்றால் கோச் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்று மேசையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"அவன்கிட்ட சொல்லு," என்றார் என் கணவர். "கடைசி கால் பகுதியில, அந்தப் பதினஞ்சு நிமிஷம் மட்டும் இறக்குறேன். ஆனா அவன் கையைத் தூக்கினா இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்."

"மாமாகிட்ட சொல்லு," என்றான் தம்பி. "கை நான் சொல்றதைக் கேட்காது. அதுக்கு நான் வேற வழி பார்க்கறேன்."

என்ன வழி என்று நான் கேட்டேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம். தம்பி உள்ளே வந்ததும் அரங்கம் எழுந்து கத்தியது. அவன் நடந்துபோய் நடுக்கோட்டருகே தன் பழைய இடத்தில் நின்றான். நேரம் கரைந்துகொண்டிருந்தபோது பந்து எறும்பிடம் சிக்கியது. ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனையும் தாண்டினான், வட்டத்துக்குள் நுழைந்தான். பந்தைத் தொடர்ந்து கேமராவைத் திருப்ப வேண்டியவள் நான். திருப்பவில்லை. தம்பியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை உயரவில்லை. உயர்த்த அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பந்து வட்டத்தை நெருங்கியபோதே எங்கள் கோல் பக்கம் திரும்பிவிட்டான். மட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் கீப்பரைப் பார்த்தபடி நின்றான். எறும்பு திரும்பிப் பார்த்திருந்தால், தெரிந்திருக்கக்கூடியது முதுகும் அதன் எண்ணும் மட்டுமே.

அரங்கம் அதிர்ந்தது. தம்பி மெதுவாகத் திரும்பினான்.

டிரா. கடைசியிலிருந்து இரண்டாம் இடம். மறுநாள் பத்திரிகைகள் அதை எழுச்சி என்றன. முதலாளி எல்லாருக்கும் ஒரு தலையணை கொடுத்தார்.

ஆட்டம் முடிந்து நான் எடிட்டிங் அறையில் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். குளித்திருந்தான், தலை ஈரம். வந்து ஷூ மூட்டையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அந்தக் கோலைக் காட்டு. நான் பார்க்கல."

கம்பத்துக்குப் பின்னால் இருந்த கேமராவைத் திரையில் போட்டேன். அவன் தலையை ஆட்டினான். "இதுல நானும் இருப்பேன். சாரத்துல இருந்து எடுத்ததைப் போடு."

"அதுல கோல் இல்லடா."

"ஏன்?"

"நான் உன்னைப் பார்த்துட்டிருந்தேன்."

அவன் என்னைப் பார்த்துவிட்டு, சிரித்தான். "அப்ப இந்தக் கோலை நம்ம ரெண்டு பேருமே பார்க்கல."

கதவருகே என் கணவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, "தள்ளி உட்காரு மச்சான்," என்று சொல்லி மூட்டையின் மறுபாதியில் உட்கார்ந்தார். தம்பி தள்ளி உட்கார்ந்தான்.

திரையில் எறும்பு ஓடி வந்தான். வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் ஒரு முதுகு. ஒரு கணம் அவன் முகத்தில் பயம் தெரிந்தது, வழியில் தொலைந்துபோனவன் முகம். பிறகு குனிந்து அடித்தான். பந்து நேராக எங்களைப் பார்த்து வந்து வலையில் விழுந்தது.

"நல்லா அடிச்சிருக்கான்," என்றான் தம்பி. "இன்னொரு தடவை போடு."