சாயங்காலத்துக்குள் ஒரு பதில்

“ரெண்டுமே சரியான வழிதாம்மா. எதை எடுத்தாலும் தப்புன்னு சொல்ல மாட்டேன்.”

“நீங்களே ஒண்ணு சொல்லிடுங்களேன், டாக்டர்.”

“நான் பார்க்கறது எலும்பை. அவர் அப்புறம் எப்படி வாழணும்கறதை நீங்க ரெண்டு பேரும்தான் பார்க்கணும். சாயங்காலம் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லுங்க.”

காலையில் வராந்தாவில் நடந்த அந்தப் பேச்சையே மனதுக்குள் உருட்டிக்கொண்டு, கணவனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள் அவள்.

அவன் வெளியூர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவன். சரக்கின் மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, மல்லாக்க விழுந்துவிட்டான். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது. கால்விரல்கள் அசைந்தன, நரம்பில் அடிபடவில்லை. அந்த மட்டும் பிழைத்தான்.

ஆபரேஷன் செய்து கம்பியும் திருகாணியும் வைத்தால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். எல்லாம் கூடிவந்தால் மறுபடி லாரியும் ஓட்டலாம். ஆனால் கத்தி போகிற இடம் நரம்புக்குப் பக்கம். வேண்டாமென்றால், நெஞ்சிலிருந்து இடுப்புவரை கெட்டியான பெல்ட் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டோடு இருக்க வேண்டும். எலும்பு தானாகக் கூடும். முதுகு கொஞ்சம் வளையலாம். தூரத்து ஓட்டம் அதோடு முடிந்தாலும் முடிந்ததுதான்.

நீ சொல்றதுதான் முடிவு என்று அவன் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டுப் படுத்திருந்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. இது தெளிவா, அது தெளிவா என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு நாளெல்லாம் ஊரையே கேட்கிறவள். இப்போது அவளுக்கு ஒரு பக்கம்தான் தெரிந்தது. பெல்ட். அதனால்தான் பயமாக இருந்தது.

கல்யாணமானதிலிருந்து அவன் வருவான், துணிப் பையைப் பிரிப்பான், மறுபடி கட்டுவான். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று கையசைக்கும்போது ஒரு வார்த்தை அவள் தொண்டைவரை வரும். ரோடு என்றால் அவனுக்கு உயிர். விழுங்கிவிடுவாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று போனில் கேட்டவுடன் முதலில் தோன்றியதே, இனி வீட்டில் இருப்பார் என்பதுதான். என்ன பெண் நான் என்று தன்மேலேயே கூசிப்போனாள். அந்த ஆசையை வைத்துக்கொண்டு அவன் முதுகுக்கு எப்படி நியாயம் சொல்வது?

ஃபிளாஸ்க்கோடு வந்த நாத்தனார் ஒரே பார்வையில் இருவர் முகத்தையும் எடைபோட்டாள்.

“அண்ணி, அண்ணனை வீட்டுல வெச்சுக்கிட்டீங்கன்னா முதல்ல பேரு, படிப்பு எல்லாம் விசாரிச்சுக்கோங்க. ரெண்டு பேருக்கும் அவ்வளவா பழக்கம் இல்லையே.”

அவன் சிரித்தான். சிரிப்பு முதுகில் வலியைக் கிளப்ப, முகம் வெளிறிக் கட்டில் கம்பியைப் பற்றினான். அவள் பதறி எழுந்தாள். வலி அடங்கியதும், நியாயமாக நடந்துகொள்வதாக நினைத்து, தன் ஆசைக்கு எதிரானதைச் சொன்னாள்.

“ஆபரேஷனே பண்ணிடலாங்க. சீக்கிரம் வண்டிக்குப் போயிடலாம்.”

அவன் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தான். நாத்தனார் டம்ளர் கழுவும் சாக்கில் நழுவினாள்.

“அவ்வளவு அவசரமா என்னை அனுப்பணுமா?” என்றான். குரலில் கோபமில்லை, அதுதான் அவளைக் குத்தியது. “கத்தின்னா எனக்குப் பயம்டி. கால் விளங்காம போயிடுமோன்னு ராவெல்லாம் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கறேன். ஆனா நான் வீட்டுல கிடந்தா உனக்குத் தொல்லை. நீ தனியாவே இருந்து பழகினவ. அதான் உன்னையே சொல்லச் சொன்னேன்.”

இரண்டு கட்டில் தள்ளி டாக்டரின் குரல் கேட்டது. நர்ஸ் திரைச்சீலையை இழுத்தாள். இன்னும் ஒரே ஒரு கட்டில்.

அவன் சொல்லிடு என்பதுபோல் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஆபரேஷனுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவான். அவளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பதற்காகவே, அத்தனை பயத்தையும் மென்றுகொண்டு போய் ஆபரேஷன் மேசையில் படுத்துவிடுவான்.

அவள் குனிந்து, போர்வைக்கு வெளியே கிடந்த அவன் கையைப் பிடித்தாள்.

“கண்ணைத் திறங்க. நான் பொய் சொல்லிட்டேன். முடிவு உங்களோடதுதான், ஆனா இதையும் கேட்டுட்டு எடுங்க. இத்தனை வருஷமா வாசல்ல நின்னு கேட்காம விட்டது.”

டாக்டர் திரையை விலக்கினார். அவள் திரும்பவில்லை.

“போகாதீங்க. என் கூட இருங்க.”